ஒரு நாளைக்கு ஒரு பல்

அரைமணியின் உண்மையான பெயர் அவனுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. யார் எப்போது போன் செய்தாலும், "முடிஞ்ச மாதிரிதான் சார், ஒரு அரைமணி வேலை பாக்கி" என்பான். சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அந்த அரைமணி எந்த மாதத்தில் வரும் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. நாற்பத்தாறு வயது ஆளுக்கு இது பெருமையா என்ன? ஆனாலும் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு எப்படி அடங்கியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவன் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதில் ப்ளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பான். அச்சு என்றால் பல்லில்லாத ஈறு, அப்படியே உரித்துவைத்த மாதிரி, வெள்ளையாக. அதன்மேல் மெழுகு படிய வைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, டாக்டருக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் அதை வாயில் வைத்துப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு ப்ளாஸ்டிக்கில் வார்ப்பது. வேலைக்காரன் என்றால் அவன் வேலைக்காரன்தான், அதில் குறை சொல்ல முடியாது. அவன் செய்த செட்டைப் போட்டுக்கொண்டு நீங்கள் வாயைப் பிளந்து கொட்டாவி விடலாம், எதிரே இருப்பவருக்குச் சந்தேகம் வராது.

கோளாறு கையில் இல்லை. உட்காருவதில் இருந்தது. காலையில் பட்டறையைத் திறப்பான். ஸ்பிரிட் விளக்கை ஏற்றப் போவான், திரி கருகியிருக்கும். திரியை வெட்டக் கத்தரிக்கோல் தேடுவான். கத்தரிக்கோல் இருக்கிற இழுப்பறை குப்பையாக இருக்கும், அதை ஒழுங்கு பண்ண ஆரம்பிப்பான். ஒழுங்கு பண்ணினால் தூசி, தூசி போனால் தும்மல், தும்மலுக்கு ஒரு டீ. டீ குடித்துவிட்டு வந்தால் பதினொன்றரை. "இனி உட்கார்ந்து என்ன பிரயோஜனம், சாப்பிட்டுவிட்டு ஒரேயடியாக உட்காரலாம்" என்று தோன்றும். சாப்பிட்ட பிறகு என்ன தோன்றும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேசைக்கு எதிரே ஒரு மர அலமாரி. செய்ய வேண்டிய அச்சுகள் எல்லாம் அதில் வரிசையாக நின்றன. நிமிர்ந்தால் இருபது வாய் அவனைப் பார்த்துத் திறந்திருக்கும். ஒரு நாள் அவனுக்கு அது தாங்கவில்லை. எழுந்துபோய் எல்லா அச்சையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டான். இப்போது முதுகுதான் தெரிந்தது. ஒவ்வொரு முதுகிலும் ஆளின் பெயரும் தேதியும் பென்சிலில் எழுதிய சீட்டு. பெயரைப் பார்ப்பது வாயைப் பார்ப்பதைவிடச் சுலபமாக இருந்தது.

அவனுக்கு ஒரு அக்கா. எட்டு வயது மூத்தவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. "ஆறாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்தவள். ஊரில் அவள் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. கடையில் போய் "அரைக் கிலோ சர்க்கரை குடுங்க" என்றால், பக்கத்தில் நிற்கிறவர் தன்னையறியாமல் பையைத் தூக்கித் தோளில் போடுவார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் வாய் கொள்ளாத சிரிப்பு.

ஈறில் சீழ் வைத்து அவளுடைய மேல்வரிசைப் பல் முழுக்க ஆட்டம் கண்டது. பதினான்கையும் எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த பிறகு "த" என்றாலும் "ந" என்றாலும் காற்றுதான் வந்தது. மைக்கில் அவள் பேசியதைக் கேட்டு ஒருவர் தப்பான பேருந்தில் ஏறிப் பாதி தூரம் போய்விட்டார். நிலைய மேலாளர் நல்ல மனுஷன். அவளைத் தொலைந்த பொருட்கள் அறைக்கு மாற்றிவிட்டு, "ஆறு மாசம் உங்க நாற்காலிய நான் காப்பாத்தறேன் மேடம். அதுக்குள்ள பல்லு கட்டிட்டு வந்து மைக்ல பேசிக் காட்டுங்க. தாண்டிப் போச்சுன்னா மேல இருக்கறவங்க மெஷின் குரலப் போட்டுடுவாங்க" என்றார்.

"எனக்கென்ன சார் கவலை, என் தம்பியே பல்லு கட்டறவன்" என்றாளாம் அக்கா. அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

ஒன்றரை மாதத்தில் ஈறு ஆறியதும் அடுத்த தெரு டாக்டரம்மா அளவெடுத்து அரைமணிக்கு அனுப்பினார். வேறு பட்டறைக்குப் போயிருந்தால் பத்து நாளில் செட் வந்திருக்கும். இவன் அச்சை எடுத்தான், முதுகுச் சீட்டில் "அக்கா" என்று எழுதினான், தேதி போட்டான். அவளுடைய பல் நிறத்துக்கு நம்பர் பார்த்துப் பல்லும் வரவழைத்தான். பல் வரிசையாக ஒட்டி வந்த அட்டை இழுப்பறைக்குள் போனது. அதோடு சரி.

பாசமில்லாமலா? பாசம்தான் வினையே. அக்காவுக்குச் செய்வது ஏனோதானோவென்று இருக்கக் கூடாது, மனசு தெளிவாக இருக்கும்போது ஒரே மூச்சில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டான். மனசு தெளிவாக இருக்கிற அந்த நாள் வரவேயில்லை. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. வெளியாட்கள் போனில் சத்தம் போடுவார்கள், அக்கா போட மாட்டாள். அதனால் அக்காவின் வேலை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. அவள் கேட்டபோதெல்லாம், "உன் பல்லு நிறம்தான்க்கா இன்னும் வரல. அபூர்வமான நிறம்" என்றான். அவளும் வாயைக் கையால் மூடிக்கொண்டு, "ஆமா, நான் எல்லாத்துலயும் அபூர்வம்தான்" என்று சொல்லிவிட்டுக் கரைத்த கஞ்சியைக் குடித்தாள். அந்தக் கை அப்போதுதான் பழகியது. பேசினால் கை வாய்க்குப் போகும், சிரிப்பு வந்தாலும் போகும்.

ஐந்தாவது மாதம், ஒரு மத்தியானம். அரைமணி பட்டறையின் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தான். அக்கா வீட்டில் அவன் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அவள் வந்தாள். உள்ளே யாரும் இல்லாததைப் பார்த்து நின்றாள். கதவு இடுக்கு வழியாக அவன் அவளைப் பார்த்தான். கூப்பிட வாயெடுத்தவன், அவள் அலமாரியைப் பார்ப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். "அக்கா" என்ற சீட்டில் கண் நின்றது. அந்த அச்சை எடுத்தாள். ஊதினாள், தூசி பறந்தது. அச்சில் இருந்த தன் ஈறைத் தானே விரலால் தடவிப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். பிறகு பாதி திறந்திருந்த இழுப்பறையிலிருந்து பல் அட்டையை எடுத்து நம்பரைப் படித்தாள். அந்த நம்பர் அவளுக்குத் தெரியும், டாக்டரம்மா சொல்லியிருந்தார். அட்டையில் வந்த தேதியும் இருந்தது. மூன்று மாதத்துக்கு முந்திய தேதி.

சத்தம் போடுவாள், அச்சைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தான். அப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பான். அவள் அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள். அச்சை, இருந்த மாதிரியே, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். சத்தமில்லாமல் வாசலுக்குப் போய், அப்போதுதான் வருகிறவள்போல், "தம்பி, இருக்கியாடா?" என்று குரல் கொடுத்தாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டே. அதான் குடுத்துட்டுப் போலாம்னு."

"உன் பல்லு நாளைக்கு வந்துடும்னு சொல்லியிருக்காங்கக்கா" என்றான்.

ஆமாம், அப்படித்தான் சொன்னான். அவளுக்குத் தெரியும் என்று தெரிந்த பிறகும் சொன்னான். வாய் அப்படிப் பழகிக் கிடந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிப்பா. வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெருமுனை தாண்டுவதற்குள் அரைமணி விளக்கை ஏற்றிவிட்டான். திரி கருகியிருந்ததா என்று பார்க்கவில்லை, டீ குடிக்கவில்லை. அன்றும் மறுநாளுமாக உட்கார்ந்து பதினான்கு பல்லையும் வைத்துவிட்டான். வேகத்தில் ஒரு பெரிய தப்பையும் செய்தான். பல் பிடுங்கிய ஈறு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போகும். பழைய அச்சின்மேல் செய்த செட் புது ஈறில் நிற்காது. இது தொழிலில் முதல் மாதம் படிக்கிற பாடம். மெழுகில் இருக்கும்போதே டாக்டரம்மாவிடம் அனுப்பியிருந்தால் வாயில் வைத்துப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அனுப்பினால், "இது எப்போ எடுத்த அளவு?" என்று கேட்பாரே, அதற்கு என்ன பதில் சொல்வது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, டாக்டரிடம் காட்டாமலேயே ப்ளாஸ்டிக்கில் வார்த்துவிட்டான். தெரியாமல் செய்ததில்லை. தெரிந்தே, ஒருவேளை நின்றாலும் நிற்கும் என்று செய்தது.

அக்கா போட்டுப் பார்த்தாள். "கொஞ்சம் லூசா இருக்கு. பரவால்ல, பழகிடும்" என்றாள்.

மேலாளர் முன்னால் பேசிக் காட்டுகிற அன்று அரைமணியும் கூடப் போனான். அக்கா கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கைக் கிட்டே இழுத்தாள். "பயணிகள் கவனத்துக்கு" என்றாள். பழைய குரல். அவன் நிமிர்ந்து நின்றான். "ஆறாம் நடைமேடையில்" என்று வாயைத் திறந்தாள். அந்த "ஆ"வில் மேல் செட் கழன்று கீழே வந்து, பல் மேல் பல் மோதிய சத்தம் ஒலிபெருக்கி வழியாக நிலையம் முழுக்கக் கேட்டது. நடைமேடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். மேலாளர் மேசையில் இருந்த காகிதத்தை மும்முரமாகப் படித்தார். பிறகு, "அடுத்த மாசம் கடைசி தேதி வரைக்கும் சொல்லிப் பாக்கறேன் மேடம். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

வீடு வரை அக்கா முன்னால் நடந்தாள். வாசலில் நின்று, "டாக்டர்கிட்ட காட்டினியாடா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

பல மாதத்தில் அவளிடம் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அரைமணி வீட்டுக்குப் போய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். மருந்துக்கடை வேலை முடிந்து வந்த மனைவி அவனைப் பார்த்ததும் என்னவோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டாள். கேட்டாள். அலமாரி, அட்டை, கதவு இடுக்கு என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லும்போது மூஞ்சியைத் திருப்பவில்லை.

"மனுஷனா நான்? நாளைலேருந்து பாரு, எல்லாத்தையும் உட்கார்ந்து முடிச்சிடறேன்" என்றான் சுவரிடம்.

"எல்லாத்தையுமா? இத நான் கல்யாணமான நாள்லேருந்து கேட்டுட்டு இருக்கேன். நாளைக்கு ஒரு நாள்ல உங்களால நிஜமா எவ்வளவு முடியும்? அத மட்டும் சொல்லுங்க."

அவன் யோசித்தான். நேர்மையாக யோசித்தபோது வந்த பதில் கேவலமாக இருந்தது.

"ஒரு பல்லு" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஒண்ணு வைங்க. ரெண்டாவது வெச்சேன்னு எங்கிட்ட வந்து பெருமையடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஆனால் பல் வைக்க முதலில் புது அளவு வேண்டும். அதற்கு டாக்டரம்மாவிடம் போக வேண்டும். நான்கு நாள் அந்தத் தெருவில் நடந்தான். நான்கு நாளும் ஆஸ்பத்திரி போர்டைப் படித்துவிட்டுத் திரும்பினான். ஐந்தாம் நாள் அக்காவைக் கூட்டிக்கொண்டே போனான், பக்கத்தில் அவள் இருந்தால் ஓட முடியாது என்று.

"பழைய அச்சு மேல செஞ்சுட்டேன் டாக்டர்."

"எத்தனை நாள் பழசு?"

"நாலு மாசம்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

டாக்டரம்மா வேறொன்றும் கேட்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, "அக்கா, வாயத் திறங்க" என்றார். திட்டியிருக்கலாம் என்று அரைமணிக்குத் தோன்றியது.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்ததும் நேராக மேசைக்குப் போய் முன்பல் ஒன்றைப் புது அச்சின் மெழுகில் பதித்தான். பத்து நிமிட வேலை. பதித்துவிட்டு எழுந்துவிட்டான். இந்தப் பத்து நிமிடத்துக்கா இத்தனை மாதம் என்று நினைத்தபோது காது சூடாகிவிட்டது. இரண்டாம் நாள் இரண்டாவது பல். மூன்றாம் நாள் கை ஓடியது, இன்னும் நான்கு வைத்துவிடலாம் போலிருந்தது. வைக்கவில்லை. அவனுக்கு அவனைத் தெரியும். இன்று ஐந்து வைத்தால், அந்தத் தெம்பிலேயே பத்து நாள் திரும்பிப் பார்க்க மாட்டான். மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அலமாரிக்குப் போய், சுவரைப் பார்த்திருந்த அச்சுகளில் ஒன்றை மட்டும் எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்தான். அந்த ஆளுக்கு போன் செய்து, "சார், உங்க வேலைய நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றான். மறுமுனையில் வாய்க்கு வந்தபடி திட்டு கிடைத்தது. கேட்டுக்கொண்டான். அதன்பிறகு தினமும் ஒரு பல், ஒரு முகம், ஒரு திட்டு.

உடனே திருந்திவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறாம் நாள் மெழுகு வாங்கப் போனவன் எங்கெங்கோ நின்று ஊர்க்கதை பேசிவிட்டு, பட்டறைப் பக்கமே வராமல் வீட்டுக்குப் போய்விட்டான். மனைவி தட்டை வைத்தாள். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். மறுநாள் இரண்டாக வைத்து ஈடுகட்டப் பார்த்து, வேண்டாமென்று ஒன்றே வைத்தான். ஒரு நாள் போனது போனதுதான் என்று அன்றைக்கு அவனுக்கு உறைத்தது. காலண்டரில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவைத்தான், தினமும் கண்ணில் படட்டும் என்று.

பதினைந்தாம் நாள் பதினான்காவது பல் உட்கார்ந்தது. மெழுகு செட்டை டாக்டரம்மா அக்கா வாயில் வைத்துப் பார்த்தார். "இதுல கை வெக்க வேண்டியதே இல்ல" என்றார். வார்த்து, தீட்டி, மெருகேற்றி, கடைசி தேதிக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா கையில் கொடுத்தான். பேசிக் காட்டும்போது அவன் உள்ளே போகவில்லை. நிலையத்துக்கு வெளியே சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "ஆறாம் நடைமேடையில்" என்று ஒலிபெருக்கியில் வந்தது. "ஆ" முழுசாக, அகலமாக, விழாமல் வந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறாம் நடைமேடைக்குப் போக வேண்டியவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அரைமணி சைக்கிள்களுக்கு நடுவே நின்று அழுதான்.

நாற்காலி திரும்பக் கிடைத்தது. கதை இங்கே முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், செட் எங்காவது உறுத்துகிறதா என்று கேட்கப் போனான். கண்ணாடி அறைக்கு வெளியே நின்றான். அக்கா நேரப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்தாள். சிரித்த அதே நொடியில் கை எழும்பி வாயை மூடியது. அவன் ஒவ்வொரு நாளாக வைத்த பதினான்கு பல்லில் ஒன்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளே போனான்.

"உறுத்துதாக்கா?"

"சேச்சே. என் பல்லு மாதிரியேதான் இருக்கு" என்றாள், கைக்குப் பின்னாலிருந்து.

"அப்புறம் ஏன்க்கா கைய வெச்சு மறைக்கற?"

அக்கா கையை எடுத்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மறைக்கறேனா? எனக்கே தெரியலடா. ஏழு மாசமாச்சு இல்ல, அது பாட்டுக்குப் போகுதுபோல." சொல்லும்போதே சிரிப்பு வந்தது, கை மறுபடி போனது. பாதி வழியில் அவளே பார்த்து, மோவாயோடு நிறுத்தினாள். "இறங்கிடும். நீ போய் உன் வேலையப் பாரு."

மணி பார்த்துவிட்டு மைக்கை இழுத்துக்கொண்டாள். ஆறாம் நடைமேடைப் பேருந்துக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்றாள். அரைமணி வெளியே வந்தான். அந்தக் கையை அங்கே வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியும், கேட்கத் தேவையில்லை. அதற்கு அச்சு கிடையாது, மெழுகு கிடையாது.

வேகமாக நடந்தான். அன்றைக்கு வைக்க வேண்டிய பல் இன்னும் வைக்கவில்லை.